வாய் காணாமல் போன பேய்

ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் ரோட்டிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு சினிமாக் கொட்டகையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. கொட்டகைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருந்தது. வாசலுக்கு மேலே தொங்கவிடும் பெரிய பெரிய படத்தட்டிகளை அங்கேதான் வரைவார்கள். நான் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தேன்.

வரைவார்கள் என்றுதான் சொன்னேன், வரைந்தேன் என்று சொல்லவில்லை. முகங்களை வரைவது ஒரு சீன ஓவியர். பட்டறைக்கு அவர்தான் தலைவர். என் வேலை எழுத்து. படத்தின் பெயரைத் தமிழில் எழுதுவேன், காட்சி நேரம் எழுதுவேன், அவர் கோடு போட்டுக் கொடுத்த இடத்தில் வானத்துக்கும் மரத்துக்கும் வர்ணம் நிரப்புவேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிது என்று இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கூச்சம் அதிகம். கோப்பிக் கடையில் பால் இல்லாத கோப்பி ஓ கேட்பேன். பால் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தால் அதையே குடித்துவிட்டு எழுந்து வருவேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். பட்டறைக்குள் சுவரைப் பார்த்து நின்று வேலை செய்வது எனக்கு ரொம்பவும் சௌகரியமாக இருந்தது.

ஆனால் மனசுக்குள் ஆசை இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் மலாய்ப் பேய்ப்படங்களுக்குக் கூட்டம் அள்ளும். மற்ற தட்டிகளைவிடப் பேய்ப்படத் தட்டிகளைத்தான் நான் உற்று உற்றுப் பார்ப்பேன். சண்டைப் படத்துக்கும் காதல் படத்துக்கும் கதாநாயகன் முகம் நன்றாக இருந்தால் போதும். பேய்ப்படத்துக்கு அது போதாது. தெருவில் மீன் வாங்கிக்கொண்டு போகிறவனை ஒரு நிமிடம் நிறுத்தி, வயிற்றைக் கலக்கி, ஆனாலும் டிக்கெட் வாங்க வைக்கவேண்டும். அதற்கென்று சில முறைகள் இருந்தன. முகத்தில் வெளிச்சம் கீழேயிருந்து விழவேண்டும். கண் எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்க்கவேண்டும். தலைப்பு நேராக நிற்கக் கூடாது, சரிந்து விழுவது போல இருக்கவேண்டும். எழுத்திலிருந்து ரத்தம் சொட்டவேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் என்னை ரொம்பப் பாடுபடுத்தியது. இங்கிலீஷ் எழுத்துக்குக் கால் உண்டு. காலிலிருந்து ஒழுகவிட்டால் ரத்தம் மாதிரியே இருக்கும். நம் எழுத்து வயிறும் சுழியுமாக உருண்டையாக இருக்கிறது. அதிலிருந்து ஒழுகவிட்டால் பலாக்காயில் பால் வடிவது போல ஆகிவிடும். நான் நாலைந்து தட்டி கெடுத்த பிறகு ஒழுகவிடுவதையே விட்டுவிட்டேன். எழுத்தைக் கனமாக எழுதி, அது காய்ந்ததும் நகத்தால் பிறாண்டியது போல மூன்று மூன்று கீறல் போட்டேன். அது பயமாக இருந்தது. சீன ஓவியர் அதைப் பார்த்து, அடுத்த தட்டியில் இங்கிலீஷ் எழுத்துக்கும் அதே கீறலைப் போட்டார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். வீட்டில் சொன்னேனா என்றால், இல்லை.

இப்படி இருக்கும்போது சீன ஓவியருக்குக் கோலாலம்பூரில் வேறு நல்ல வேலை கிடைத்து, ஒரு வாரத்தில் புறப்பட்டுவிட்டார். பட்டறையில் மிஞ்சியது நானும் வர்ண டப்பாக்களும்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மலாய்ப் பேய்ப்படம் வருகிறது. பொந்தியானாக் கதை. பிரசவத்தில் இறந்துபோனவள் வாழைமரத்தில் குடியிருந்து, அழகான பெண்ணாக வந்து ஆண்களை மயக்கி ரத்தம் குடிப்பாள் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களே, அது. மேனேஜர் பட்டறைக்கு வந்தார். அவரும் சீனர்தான். எங்களோடு பசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், பேசுவார். இந்தத் தட்டியை நீ வரை, நன்றாக வந்தால் இனிமேல் படமும் நீயே வரையலாம், இல்லையென்றால் நான் வெளியிலிருந்து ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். முடியாது என்று சொல்லவும் எனக்குக் கூச்சம், முடியும் என்று சொல்லவும் கூச்சம். தலை மட்டும் ஆடியது.

ஐந்து நாள் வரைந்தேன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி, பவுடர் வர்ணத்தைக் கலந்து, கட்டம் போட்டு, சின்னப் புகைப்படத்தை இருபது அடிக்குப் பெரிதாக்கினேன். கறுத்த வானம், ஓரத்தில் வாழை இலைகள், நடுவில் மஞ்சள் வெளுப்பாக ஒரு பெரிய முகம். சிவந்த கண்கள். திறந்த வாய். பல்லையும் சிவப்புக் கோட்டால்தான் வரைந்தேன். மோவாயிலிருந்து கழுத்துவரை ரத்தம். கடையில் இருந்ததிலேயே பளீரென்ற சிவப்பை வாங்கிக் குழைத்தேன். மஞ்சள் பட்டையில் நாலு மொழியிலும் சிவப்பு எழுத்து, சீன எழுத்தைப் பட நோட்டீஸைப் பார்த்து அப்படியே வரைந்தேன். சாயங்காலம் தூர நின்று பார்த்தபோது எனக்கே முதுகு சில்லிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தட்டியை வாசலுக்கு மேலே ஏற்றினோம். பகலில் அது ரொம்ப எடுப்பாக இருந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மேனேஜர் இடுப்பில் கைவைத்துப் பார்த்து, "பாகூஸ்", பிரமாதம், என்றார். அவரிடமும் ஒரு புது யோசனை இருந்தது. எப்போதும் போல வெள்ளை பல்பு வேண்டாம், பேய்ப்படம் என்பதால் தட்டியைச் சுற்றிச் சிவப்பு பல்பு போடவேண்டும் என்று எலெக்ட்ரிக் வேலை பார்த்த பாயிடம் சொல்லியிருந்தார். பாய் நாகூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், வாய் ஓயாது. நாற்பது பல்புகளைத் தன் கையாலேயே சிவப்புச் சாயத்தில் முக்கிக் காயவைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் என் மனைவியை வரச்சொல்லியிருந்தேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை, கொட்டகைப் பக்கம் வந்து போ என்று மட்டும் சொன்னேன். அவளுக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு எடுத்த மயில்கழுத்துப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்த வாரம் ஓடியது ஒரு தமிழ்க் குடும்பப் படம். அதனால் டிக்கெட் வரிசையில் நம் பெண்கள்தான் அதிகம். தட்டிக்கு நேர் கீழேதான் அவர்கள் வரிசை. நாங்கள் இருவரும் எதிர்ப்பக்கம் ஒரு கடையின் முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடையில், கம்பத்து விளக்குக்குக் கீழே நின்றோம். இருட்டத் தொடங்கியதும் பாய் சுவிட்சைப் போட்டார்.

பேயின் வாய் காணாமல் போய்விட்டது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வாய் மட்டுமில்லை, கண்ணும் இல்லை. ரத்தம் இல்லை. பல் இல்லை. தலைப்பு இருந்த பட்டையில் ஓர் எழுத்தும் இல்லை. கறுத்த வானத்தில், தலைமுடிக்கு நடுவே, உரித்த முட்டை போல ஒரு பெரிய வெறும் முகம். அதில் இரண்டு புருவமும் இரண்டு மூக்குத் துவாரமும் மட்டும் இருந்தன. வாழை இலையெல்லாம் கரி பூசியது போலக் கறுத்துக் கிடந்தன.

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் வரிசை முழுக்கச் சிரித்தது.

"இந்தப் பேய்க்கு வாயும் இல்ல, பல்லும் இல்ல. பாவம், எதை வச்சுக் கடிக்கும்?"

"சவரக்கடை விளம்பரம் போல லா!"

எனக்குக் காது மட்டும் அல்ல, உடம்பே கொதித்தது. கூட்டத்தில் யாருக்கும் என்னைத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது. கடைத் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. கிட்டேபோய் பார்க்கிறேன் என்று சாலையைக் கடந்து தட்டிக்குக் கீழே போனாள். போன வேகத்தில் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கத்தினார்.

"ஏம்மா, உன் பொட்டு எங்கம்மா? தாலி கட்டிக்கிட்டவதானே நீ?"

என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் குங்குமம் இருக்கிறது, அதுவும் தெரியவில்லை. அவள் பதிலுக்கு, "அக்கா, உங்க பொட்டையும் காணோமே!" என்றாள். அவ்வளவுதான். வரிசையில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். ஒருத்தி நெற்றியிலும் குங்குமம் இல்லை. சிரிப்பெல்லாம் அந்த நிமிடமே நின்றுபோனது. சுமங்கலிப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நெற்றியைத் தடவிக்கொண்டு வரிசையைவிட்டுச் சாலைக்கு ஓடிவந்தார்கள். அந்த அம்மாள் நேரே மேனேஜரிடம் போய் நின்றார்.

"படம் பாக்க வந்த பொம்பளைங்க பொட்ட அழிக்கிறியா நீ? என் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போயிருக்கார், தெரியுமா?"

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. பாயைப் பார்த்தார். பாய் தட்டியைப் பார்த்தார். "நான் பல்புதான் போட்டேன், ஒண்ணையும் அழிக்கல தாயி" என்றார் பாய்.

மேனேஜர் என்னைத் தேடிப் பிடித்தார். அவருக்குப் பொட்டு விவகாரம் பிடிபடவில்லை, தட்டி விவகாரம் பிடிபட்டுவிட்டது. "மானா டாரா?" என்று கத்தினார். ரத்தம் எங்கே என்று அர்த்தம். பகல் முழுக்கப் பார்த்தோமே, அந்த ரத்தம் எங்கே? மலிவு வர்ணத்தை வாங்கினாயா? வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு போடும்போது தட்டி சரியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காலையில் வேறு ஆள் வருவான், அப்புறம் உனக்கு எழுத்து வேலைகூட இங்கே இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அஞ்சடியில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. அழியவில்லை, கலையவில்லை, வைத்தது வைத்தபடியே இருந்தது.

"மறுபடி அங்க போய் நில்லு" என்றேன்.

"எதுக்குங்க? ஏற்கெனவே எல்லாரும் பேயப் பாக்குற மாதிரி பாக்குறாங்க."

"போ, சொல்றேன்."

போனாள். தட்டிக்குக் கீழே போனதும் பொட்டு மறைந்தது. அது மட்டுமில்லை. மயில்கழுத்துப் பச்சைப் புடவை அப்படியே மைக் கறுப்பாகிவிட்டது. கையைக் காட்டி வா என்றேன். கம்பத்து விளக்குக்கு வந்ததும் பொட்டும் வந்தது, பச்சையும் வந்தது. மறுபடி போகச் சொன்னேன். இப்படி நாலு தடவை சாலையைக் கடக்க வைத்தேன். நாலாவது தடவை அவள் மூச்சுவாங்க, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். எனக்கு என்ன ஆயிற்று என்றால், புரிந்துவிட்டது. சிவப்பு விளக்கு சிவப்பை விழுங்கிவிடும், பச்சையைக் கறுப்பாக்கிவிடும். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் வகுப்புவரை நான் போகவில்லை. படித்தவர்கள் சிரிக்கலாம். எனக்கு அதை என் மனைவியின் நெற்றியும் புடவையும்தான் காட்டிக்கொடுத்தன.

சிவப்பு பல்பைக் கழற்றச் சொல்லி வெள்ளை பல்பு போட்டால் விஷயம் முடிந்துபோகும். யாரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும் வழியில் வேறொன்று மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பொந்தியானாக் யார்? பார்ப்பதற்கு அழகி, உள்ளே பேய். நான் அவளை எடுத்த எடுப்பில் பேயாக வரைந்துவிட்டேன். விளக்குக்கு இப்படி ஒரு குணம் இருக்கிறதென்றால், ஒரே முகம் பகலில் அழகியாகவும் விளக்கு போட்டதும் பேயாகவும் மாறாதா?

புதன்கிழமை விடிந்ததும் பாயிடம் ஒரு சிவப்பு பல்பு கேட்டேன். நானாகப் போய் ஒருவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். படிக்கட்டுக்குக் கீழே இருந்த சாமான் அறையில் பல்பை மாட்டிக் கொடுத்து, பாயும் என்னோடு உள்ளே நின்றுகொண்டார். காடாத் துணியில் வர்ணங்களைப் பட்டை பட்டையாகப் பூசி உள்ளே கொண்டுபோய்ப் பார்ப்பதும், வெளியே கொண்டுவந்து வெயிலில் பார்ப்பதுமாக அரை நாள் போனது. எல்லாச் சிவப்பும் ஒன்றாக மறையவில்லை. கருஞ்சிவப்பு அழுக்காக நின்றது. ஆரஞ்சு கலந்த சிவப்பு சுத்தமாக மறைந்தது. பச்சையிலும் அப்படித்தான். மஞ்சள் கலந்த பச்சை லேசாகத்தான் கறுத்தது. நீலம் கலந்த பச்சையை, வெள்ளை சேர்த்து எவ்வளவு இளசாக்கினாலும், பல்புக்குக் கீழே இருண்டு வந்தது.

"தம்பி, நான் பல்பு மாட்டி மாட்டி இருபது வருஷம் ஆச்சு. வெளிச்சத்துல இவ்வளவு கள்ளத்தனம் இருக்கும்னு தெரியாது" என்றார் பாய்.

தட்டியை இறக்கி, முகத்துக்கும் தலைப்புப் பட்டைக்கும் வெள்ளை அடித்துப் புதிதாக ஆரம்பித்தேன். புதன் மத்தியானத்திலிருந்து வியாழன் மத்தியானம்வரை. இந்த முறை ஓர் அழகான பெண். நல்ல சிவந்த உதடு. கன்னத்தில் சிவப்பு. கண்மணியை ஆரஞ்சு கலந்த வெளிர் செம்பழுப்பில் போட்டேன். தலையில் ஒரு சிவப்புப் பூ. அவள் வாழைமரத்துக்குக் கீழே நிற்கிறாள், இலைகளின் நிழல் அவள் முகத்தில் விழுகிறது. அந்த நிழலைத்தான் இளம்பச்சையில் போட்டேன். கண்ணைச் சுற்றி ஓர் இலை நிழல். கன்னத்தில் இரண்டு. உதடு இருக்கும் இடத்தில் குறுக்காகக் கிழிந்த வாழை இலையின் நிழல், கிழிசல் ஒவ்வொன்றும் கூரான பல் மாதிரி. பகலில் பார்த்தால் தோட்டத்தில் நிற்கும் பெண் முகத்தில் நிழல் ஆடுகிறது, அவ்வளவுதான். தலைப்பை நாலு மொழியிலும் அடர்ந்த பச்சையில் எழுதினேன். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி பட்டறை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடித்தாளை அவளிடம் கொடுத்தேன். ஒரு தரம் பார்த்துவிட்டுச் சட்டென்று தாளை இறக்கிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "உங்க பேய் எப்படியோ இருக்கட்டும். ஆனா பொம்பளைங்க பொட்டு போகக் கூடாது. அந்தக்கா முந்தாநாள் ராத்திரி தூங்கியிருக்க மாட்டாங்க."

அது சரி என்று பட்டது. பாயிடம் போய்ச் சொன்னேன். பல்புகளுக்குக் கீழே நீளமாகத் தகரத்தை வளைத்து அடித்து, சிவப்பு வெளிச்சம் தட்டியில் மட்டும் விழுகிற மாதிரி செய்தார். வரிசை நிற்கும் இடத்துக்குத் தனியாக வெள்ளை பல்பு இரண்டு போட்டார்.

தட்டியை ஏற்றியதும் மேனேஜர் வந்தார். பார்த்தார். அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது பேயா, முகம் கழுவும் சவுக்கார விளம்பரமா என்று மலாயில் கேட்டார். விளக்கு, விளக்கு என்றேன். மேலே காட்டினேன். அவர் கையை உதறிவிட்டு, நாளைக் காலையில் அந்த ஆளை வரச்சொல்லப்போகிறேன் என்று டெலிபோன் இருக்கும் அறைக்கே போய்விட்டார். பாய் பின்னாலேயே போய், ஒரு மணி நேரம் பொறுங்கள் தவுக்கே, விளக்கு போட்ட பிறகு டெலிபோன் போடுங்கள் என்று கெஞ்சிக் கூட்டிவந்தார்.

அந்த ஒரு மணி நேரம் நான் பட்டறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். கால் அங்கேதான் இழுத்தது. ஆனால் போகவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம், என் மனைவிக்குப் பக்கத்தில், தூணுக்கு முன்னால் நின்றேன். வரிசை சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை கதை ஊரெல்லாம் பரவியிருக்கும் போல, படம் பார்க்க வராதவர்களும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். பாய் சுவிட்சில் கைவைத்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

உதடு போனது. பூ போனது. கன்னத்துச் சிவப்பு போய் முகம் பிணம் போல வெளுத்தது. கண்மணி கரைந்துபோய் வெறும் வெள்ளை விழி நின்றது. அதைச் சுற்றி இருந்த இலை நிழல் குழிவிழுந்த பள்ளமாக இருண்டது. உதடு இருந்த இடத்தில், காதுக்குக் காது கிழிந்த ஒரு கறுத்த வாய் பல்லைக் காட்டித் திறந்தது. தலைப்பு எழுத்து, என் கீறல்களோடு, கன்னங்கரேல் என்று மேலே எழும்பி வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. டிராலி பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. விளக்கை அணைத்தார். மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தில் அழகி. போட்டார். பேய். அணைத்தார், போட்டார். ஒவ்வொரு தடவையும் கூட்டம் 'ஓ' என்றது. செவ்வாய்க்கிழமை போல யாரும் வரிசையைவிட்டு ஓடவில்லை, வெள்ளை பல்பில் எல்லோர் நெற்றிப் பொட்டும் நன்றாகத் தெரிந்தது.

மேனேஜர் சாலைக்கு நடுவில் வந்து நின்று பார்த்தார். "பாகூஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அப்போது கூட்டத்தில் கோட்டுப் போட்ட ஒருவர், வேறு கொட்டகைக்காரர் என்று பிறகு தெரிந்தது, சத்தமாகக் கேட்டார். இதை வரைந்தது யார்? கோலாலம்பூர் போன அந்த ஓவியரா?

பழக்கப்படி என் கால் ஓரடி பின்னால் போனது. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, தட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் முதுகில் கைவைத்துத் தள்ளியிருந்தால் நான் இன்னும் பின்னால்தான் போயிருப்பேன். அவள் தள்ளவில்லை. நான் சொல்லுவேன் என்று சாதாரணமாக நம்பி நின்றாள்.

"நான்தான்" என்றேன். சத்தம் சரியாக வரவில்லை. மறுபடி, கையைத் தூக்கி, மலாயிலும் தமிழிலும் சொன்னேன். "நான்தான் வரைந்தேன்."

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடாகத்தான் செய்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

அதன்பிறகு பன்னிரண்டு வருடம் அந்தப் பட்டறையில் படம் வரைந்தேன், எழுத்தும் எழுதினேன். அந்தத் தட்டி இப்போது இல்லை. படம் மாறியதும் வழக்கம்போல வெள்ளை அடித்து, அதன்மேல் நானே ஒரு காதல் ஜோடியை வரைந்தேன். புகைப்படம் எடுத்துவைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் இப்போது கிளமெண்டியில் வீடு வாங்கி வந்துவிட்டோம். பிள்ளைகள் நான் சொல்வதைப் பாதிதான் நம்புகிறார்கள். என் மனைவியைக் கேட்டால் நாலு தடவை சாலையைக் கடந்த கதையைத்தான் முதலில் சொல்வாள்.

கூச்சம் என்னைவிட்டு முழுதாகப் போய்விடவில்லை. இன்றும் பால் கோப்பி வந்தால் குடித்துவிடுகிறேன். ஆனால் என் கையால் செய்தது கெட்டபோதும் சரி, நன்றாக வந்தபோதும் சரி, யார் செய்தது என்று கேட்டால் நான்தான் என்று முன்னால் வந்து சொல்ல அன்றைக்குக் கிடைத்த தைரியம் இருபது வருடமாக என்னிடம் அப்படியே இருக்கிறது, நான் சம்பாதித்த சொத்தில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.